பாடசாலை மூடியிருந்தபோது பிள்ளைக்கு வாசிக்க வந்ததா?

2020 நவம்பர் மாதம். பாடசாலைகள் இரண்டாவது தடவையாக மூடப்பட்டிருந்த காலம். அப்போது தரம் 1இல் இருந்த எனது வகுப்புப் பிள்ளை ஒருவரின் செயலட்டை வட்ஸ்அப்பில் வந்தது. பத்துச் சொற்களும் சரி. எழுத்துக்கள் கோட்டை விட்டு விலகவில்லை. "மாஷா அல்லாஹ், மிக நன்று" என்று எழுதி ஒரு நட்சத்திரத்தையும் போட்டு அனுப்பினேன். அதற்கு முந்திய வாரங்களிலும் அந்தப் பிள்ளைக்கு இதே பதிலைத்தான் அனுப்பியிருந்தேன்.

இரண்டு நாட்களின் பின்னர் வேறொரு விடயமாக அந்தப் பிள்ளையின் உம்மா அழைப்பு எடுத்தார். பேசி முடிந்ததும் "மகன்ட குரலையும் ஒருக்கா கேட்போமே" என்றேன். பிள்ளை வந்து ஸலாம் சொன்னது. அனுப்பிய செயலட்டையில் மூன்றாவது சொல்லை வாசிக்கச் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொல்ல, பிள்ளை அதையே திருப்பிச் சொன்னது. சரி என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் உள்ள ஒரு சொல்லை வாசிக்கச் சொன்னேன். பிள்ளை ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னது: "டீச்சர், அத தாத்தா இன்னும் எழுதல்ல."

தரம் 8இல் படிக்கும் மூத்த சகோதரிதான் அத்தனை நாளும் எழுதியிருக்கிறார். அவர் மீதோ உம்மா மீதோ எனக்குக் கோபம் வரவில்லை. சமையலுக்கும் சின்னப் பிள்ளைக்கும் நடுவில், டீச்சர் கேட்ட வேலை நேரத்துக்குப் போக வேண்டும் என்ற அக்கறையில் அவர்கள் செய்த காரியம் அது. பிழை என்னுடையது. நான் கேட்டது செயலட்டையின் புகைப்படம். புகைப்படம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று நான் கேட்கவே இல்லை.

2021இல் பயணக் கட்டுப்பாட்டினால் மீண்டும் வீட்டுக்குள் இருந்தோம். இணையவழிக் கல்வி பற்றி அதிகம் பேசப்பட்டது. ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி சாதாரண தர, உயர்தர மாணவர்களைப் பற்றியது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் நிலைமை முற்றிலும் வேறு. அதை விளங்கப்படுத்தவும், வீட்டில் இருந்தபடியே எதைச் செய்யலாம் என்பதைச் சொல்லவுமே இதை எழுதுகிறேன்.

எத்தனை நாள் பாடசாலை போனார்கள்?

முதலில் நாட்காட்டியைப் பார்ப்போம். 2021இல் தரம் 2இல் இருந்த பிள்ளைகள் 2020 ஜனவரியில் தரம் 1க்கு வந்தவர்கள். பாடசாலைச் சூழலுக்குப் பழகி, அழாமல் வகுப்பில் இருக்கத் தொடங்கிய நேரத்தில், மார்ச் 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் நாடளாவிய ஊரடங்கு வந்தது. மீண்டும் ஆகஸ்ட் மாதம்தான் இவர்கள் வகுப்பைக் கண்டார்கள். அதுவும் மாணவர் தொகை கூடிய பாடசாலைகளில் ஆரம்பத்தில் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே. ஒக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடைக் கொத்தணியுடன் திரும்பவும் மூடப்பட்டது. நவம்பர் 23இல் திறந்தபோது தரம் 6இலிருந்து 13 வரைக்கும்தான் அனுமதி. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் 2021 ஜனவரி 11 வரை காத்திருந்தார்கள். அக்கரைப்பற்று, காத்தான்குடி போன்ற எமது ஊர்கள் தனிமைப்படுத்தப்பட்டிருந்த நாட்களை இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2021இல் தரம் 1க்கு வந்த பிள்ளைகளின் நிலை இன்னும் பாரதூரமானது. அவர்கள் வந்ததே பெப்ரவரி நடுப்பகுதியில். ஏப்ரலில் நோன்பு விடுமுறை விடப்பட்டது. ஏனைய பாடசாலைகள் புத்தாண்டின் பின்னர் சில நாட்களாவது நடந்தன. எமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பெருநாள் முடிந்து திறக்க வேண்டிய நேரத்தில் நாடே மூடப்பட்டுவிட்டது. அப்பிள்ளைகள் அதுவரை வாழ்க்கையில் பாடசாலை என்று கண்டது இரண்டு மாதங்களைக் கூட எட்டவில்லை.

தரம் 10 மாணவர் ஒருவர் மூன்று மாதம் பாடசாலை போகாவிட்டால் சில அலகுகளை இழக்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியும். பிறகு தானாக வாசித்து ஈடுசெய்யலாம். தரம் 1, 2 பிள்ளை இழப்பது வாசிப்பையே. அதை இழந்த பிள்ளை தரம் 3க்குப் போனால் சுற்றாடல் பாடமும் விளங்காது, கணிதத்தில் வசனக் கணக்கும் விளங்காது, இஸ்லாம் பாடநூலும் விளங்காது. வகுப்பேற்றம் மட்டும் வருடா வருடம் நடக்கும்.

செயலட்டையில் அடங்காதவை

ஆரம்பக் கல்வியில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றும் சேர்ந்தே கற்றல் நடைபெற வேண்டும் என்பதை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு முதல் வாரங்களிலேயே சொல்லித் தந்தார்கள். தரம் 1, 2இல் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்குமே அதிக இடம். எழுத்து வேலை கடைசியில் வருவது. நாம் வட்ஸ்அப்பில் அனுப்புவதோ எழுத்து வேலையை மட்டும்தான். மூன்றில் இரண்டு பங்கை வெளியே விட்டுவிட்டு, எஞ்சியதைக் கல்வி என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

வாசிப்பு எப்படி வருகிறது என்பதைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். பிள்ளை "பழம்" என்ற சொல்லை வாசிக்கிறது. எமது பேச்சு வழக்கில் அது "பளம்". வாசிக்கும் போதே நிறுத்தி, நாக்கை மடித்துக் காட்டி, திரும்பச் சொல்ல வைத்தால்தான் பிள்ளைக்கு ழ வேறு, ள வேறு என்பது காதில் ஏறும். காதில் ஏறாத வேறுபாடு கையில் வராது. பென்சிலைப் பிடிக்கும் விரல், எழுத்தைத் தொடங்கும் இடம், சுழிக்கும் திசை இவையும் அப்படித்தான். "இ" என்ற எழுத்தை வாலிலிருந்து தொடங்கி எழுதும் பிள்ளையைக் கண்டிருக்கிறேன். புகைப்படத்தில் அது சரியான "இ" ஆகவே இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கே பிழை தெரியும்.

ஆகவே வீட்டில் இருக்கும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு காதும் ஒரு கண்ணும்தான். தினமும் சில நிமிடங்கள் பிள்ளை வாசிப்பதைக் கேட்கும் ஒருவர், எழுதுவதைப் பார்க்கும் ஒருவர். இந்த வேலைக்கு எந்தச் செயலியும் தேவையில்லை.

தொலைபேசி யாரிடம் இருக்கிறது?

எனது வகுப்பில் 31 பிள்ளைகள். வகுப்புக் குழுவில் 23 இலக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் வாப்பாமாருடையவை. அவர்கள் வேலை முடிந்து அறைக்கு வந்து, நான் காலையில் அனுப்பியதை இரவில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இன்னும் சில வீடுகளில் உள்ள ஒரேயொரு தொலைபேசி வாப்பாவுடன் கடலுக்கோ வயலுக்கோ போய்விடும். "டீச்சர், மகள்ட வாப்பா போனக் கொண்டுதான் போற, ராவைக்குத்தான் வருவார்" என்று ஒரு தாய் சொன்னபோது, காலை எட்டரைக்குச் சூம் வகுப்பு வைப்பது யாருக்காக என்று யோசித்தேன். தொலைபேசி வீட்டில் இருந்தாலும் உயர்தரம் படிக்கும் நானாவுக்கு முதலிடம், சாதாரண தரம் எழுதும் தாத்தாவுக்கு அடுத்த இடம். ஏழு வயதுப் பிள்ளை வரிசையில் கடைசி. இதில் எனது வீடும் விதிவிலக்கல்ல.

தொலைபேசி இருந்தும் சமிக்ஞை இல்லாத ஊர்கள் உள்ளன. 2021இல் பதுளை மாவட்டத்தில் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணைய இணைப்புக்காகக் காட்டு வழியே நடந்து பாறை மீது ஏறிப் படித்தார்கள். அது மலைநாட்டுக் கதை என்று நாம் கடந்து போகிறோம். எமது வயல் ஓரக் குடியிருப்புகளிலும் மதிலில் ஏறினால்தான் படம் இறங்கும் வீடுகள் இருக்கின்றன.

செலவையும் கவனிக்க வேண்டும். காணொளியுடன் ஒரு மணித்தியாலம் சூம் வகுப்பு நடந்தால் பல நூறு எம்.பி. டேட்டா போய்விடும். ஒரு நிமிடக் குரற்பதிவுக்கோ ஒரு எம்.பி. கூடத் தேவைப்படாது. நாட்கூலி நின்றுபோன வீட்டில் டேட்டாவுக்கு றீலோட் போடுவதா, பால்மா வாங்குவதா என்ற கேள்வி வரும்போது பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்று குறை சொல்ல எமக்கு உரிமையில்லை.

எனது வகுப்பில் மாற்றியவை

"தாத்தா எழுதல்ல" என்ற பதில் என்னைப் பல நாட்கள் உறுத்தியது. ஜனவரியில் பிள்ளைகள் திரும்பி வந்தபோது ஒவ்வொருவரையும் தனியே இருத்தி வாசிக்கக் கேட்டேன். செயலட்டைகளில் நட்சத்திரம் வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு எழுத்துக்கள் மறந்திருந்தன. கிடைத்த அந்த மூன்று மாதமும் வாசிப்புக்கே போனது. இந்த முறை மூடப்பட்டபோது நடைமுறையை மாற்றினேன். பெரிய திட்டமொன்றும் இல்லை.

முதலாவது, புகைப்படத்துக்குப் பதிலாகக் குரல். பாடநூலில் ஒரு பக்கத்தைச் சொல்வேன். பிள்ளை அதை வாசித்து ஒரு நிமிடக் குரற்பதிவாக அனுப்ப வேண்டும். பிழையாக வாசித்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று உம்மாமாரிடம் கேட்டுக்கொண்டேன். முதல் வாரம் பின்னாலிருந்து கிசுகிசுக்கும் சத்தம் நிறையக் கேட்டது. பிழை விட்ட பிள்ளைக்குத் தனியாக, அன்பாகப் பதில் போகிறது என்று கண்ட பிறகு அது குறைந்தது. பதிலை நான் பொதுக் குழுவில் போடுவதில்லை. ஒரு பிள்ளையின் பிழையை இருபது வீடுகள் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அழைப்பு. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளிலும் சாதாரணத் தொலைபேசி இருக்கிறது. நாளொன்றுக்கு ஐந்தாறு பிள்ளைகள், ஒருவருக்கு ஐந்து நிமிடம். அஸருக்குப் பிறகோ மஃரிபுக்குப் பிறகோ, வாப்பா வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து எடுக்கிறேன். ஒரு வாரத்தில் முழு வகுப்பையும் ஒரு தடவை கேட்டுவிடலாம். நான் அனுப்பிய எந்தச் செயலட்டையையும் விட இந்த ஐந்து நிமிடம் பிள்ளையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது. அப்பிள்ளைகளுக்கும் இது பெரிய விடயம். ஒரு பிள்ளை அழைப்பு வரும் நாளில் பாடசாலைச் சீருடை உடுத்திக்கொண்டு இருப்பதாக அதன் மூத்தம்மா சொன்னார்.

மூன்றாவது, தாள். குழுவில் இல்லாத எட்டுப் பிள்ளைகளுக்கும் வாரம் ஒரு பொதி. அதில் நான்கைந்து பக்கங்களுக்கு மேல் இல்லை. எங்கள் பகுதிக்கு அனுமதி பெற்று மரக்கறி கொண்டுவரும் நானா ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை அவரிடம் கொடுத்தால் உரிய வீடுகளில் மரக்கறியுடன் கொடுத்துவிடுகிறார். அடுத்த வாரம் பழைய பொதியை வாங்கி வருகிறார். யாரும் யாருடைய வீட்டுக்குள்ளும் போவதில்லை. சுகாதார விதிமுறைக்கும் இடைஞ்சல் இல்லை. போட்டோகொப்பிச் செலவு பெரிதில்லை. இதை எல்லா ஊர்களிலும் இப்படியே செய்ய முடியாதிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் தினமும் வீதியால் போகும் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாடங்கள்

அடுத்து, செயலட்டைகளைக் குறைத்து வீட்டில் செய்யக்கூடிய செயற்பாடுகளைக் கொடுக்கத் தொடங்கினேன்.

கணிதத்துக்கு ஈர்க்கில் போதும். ஒரே அளவாக முறித்து, பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்டுக் கட்டச் சொன்னேன். மூன்று கட்டும் நான்கு தனியும் என்றால் 34. அதிலிருந்து 8ஐக் கழிக்கும்போது தனி ஈர்க்கில் போதாது. ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். "பக்கத்திலிருந்து கடன் வாங்குதல்" என்று நாம் கரும்பலகையில் மணிக்கணக்காக விளக்குவதைப் பிள்ளை தன் கையால் அவிழ்த்துப் பார்த்து விளங்கிக்கொள்கிறது. சமையலுக்கு அரிசி அளக்கும்போது எத்தனை சுண்டு என்று பிள்ளையை எண்ண விடலாம். உண்டியலில் உள்ள சில்லறைகளை வைத்துக் கடை விளையாடலாம்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்கு எமது மார்க்கமே வழிகாட்டுகிறது. முற்றத்தில் ஒரு தடியை நட்டு, ளுஹருக்கு முன்னர், ளுஹர் நேரம், அஸர் நேரம் என மூன்று தடவை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொன்னேன். நிழல் குறுகிக் குறுகி வந்து பிறகு நீள்வதைப் பிள்ளை காண்கிறது. நண்பகலில் இருந்த சிறு நிழலை விட, தடியின் நீளமளவுக்கு நிழல் கூடும்போது அஸர் நேரம் நுழைகிறது என்பதை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கலாம். ஜூன் மாதத்தில் சூரியன் எமக்கு வடக்கே நிற்பதால் நண்பகல் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் அதே தடியின் நிழல் வடக்கே விழும். திசை, அளவு, நேரம் என்று மூன்று பாடங்கள் ஒரு தடியில் இருக்கின்றன. கிப்லா எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் என்ற கேள்வியும் இத்துடன் சேர்ந்து வரும்.

மொழிக்கு மூத்தம்மாமார் இருக்கிறார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களாக இருந்தாலும் அவர்களிடம் கதை இருக்கிறது. அவர் சொன்ன கதையைப் பிள்ளை தனது குரலில் திருப்பிச் சொல்லி அனுப்ப வேண்டும். வசனம் அமைக்கும் திறன் இப்படித்தான் வளர்கிறது. கேட்டறியாத, பேசியறியாத வசனத்தை எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை.

நேர அட்டவணையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். எட்டுமணி முதல் பதினொன்றரை வரை பாடசாலை போலவே பிள்ளையை இருத்த வேண்டாம். வீடு பாடசாலை அல்ல, உம்மாவும் ஆசிரியர் அல்ல. எமது வீடுகளில் ஐந்து வேளைத் தொழுகை ஏற்கனவே நாளைப் பிரித்து வைத்திருக்கிறது. ஸுபஹுக்குப் பின் குர்ஆன் ஓதுதல். காலைச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் வாசிப்பு. ளுஹருக்கு முன்னர் இருபது நிமிடம் கணிதம் அல்லது ஒரு செயற்பாடு. அஸருக்குப் பின் விளையாட்டு. மஃரிபுக்குப் பின் கதை. தரம் 1, 2க்கு இது தாராளம். தரம் 3, 4க்கு ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் கூட்டலாம். ஒரு நாள் நான்கு மணித்தியாலம் வைத்து அடுத்த மூன்று நாளும் விடுவதை விட, தினமும் தவறாமல் ஒரு மணித்தியாலம் நடப்பது எவ்வளவோ மேல்.

பெற்றார் இன்றே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை

கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள். உங்கள் பிள்ளையின் தமிழ்ப் பாடநூலில் ஏற்கனவே படித்த பக்கத்தை எடுக்க வேண்டாம். பிள்ளைக்கு அது மனப்பாடமாக இருக்கும். படத்தைப் பார்த்தே சொல்லிவிடும். அதற்குப் பதிலாகச் சென்ற வருடத்துப் பாடநூலில் நடுப்பகுதியில் ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்து, இரண்டு வசனங்களை வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்து, அதே வசனத்தில் உள்ள சொற்களைப் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். அதன் பின்னர் "நீ வாசித்ததில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

மூன்றும் சரியென்றால் அல்ஹம்துலில்லாஹ், தொடர்ந்து கதைப் புத்தகங்களைக் கொடுங்கள். வசனத்தை வாசித்துத் தனிச் சொல்லில் தடுமாறினால், பிள்ளை நினைவிலிருந்து சொல்கிறது. நாளுக்கு ஐந்து சொற்களைத் தாளில் தனித்தனியாக எழுதிப் பழக்குங்கள். எழுத்துக்களே தெரியவில்லையென்றால் பதற்றப்பட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். "இவ்வளவு நாளும் என்னத்தைப் படிச்ச?" என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இல்லை, ஏனெனில் படிப்பிக்கப்படவில்லை. வகுப்பாசிரியருக்கு ஓர் அழைப்பெடுத்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெரியவில்லை என்று துணிந்து சொல்லும் பெற்றாரை எந்த நல்ல ஆசிரியரும் குறைவாக நினைக்கமாட்டார். அழகான செயலட்டையை அனுப்பி எங்களை ஏமாற்றும் போதுதான் பிள்ளை தனித்து விடப்படுகிறது.

வாசிக்கத் தெரியாத உம்மா என்ன செய்வது என்று கேட்கலாம். அவரும் செய்யலாம். பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். விரல் சொல்லில் நின்று நின்று போகிறதா, ஓடுகிறதா என்பது எவருக்கும் தெரியும். 2021இல் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் நேத்ரா அலைவரிசையில் தமிழ்மொழி மூலப் பாடங்கள் ஒளிபரப்பாகின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் தரம் 1இலிருந்து பாடங்கள் உண்டு. இவை நல்ல துணை. ஆனால் தொலைக்காட்சி பேசும், கேட்காது. பிள்ளை வாசிப்பதை ஒருவர் கேட்டே ஆக வேண்டும்.

புலமைப்பரிசிலுக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகள்

எமது சமூகத்தில் ஆரம்பக் கல்வி என்றால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்றாகிவிட்டது. 2020இல் கொரோனா அலைக்கு நடுவிலும் ஒக்டோபர் 11ஆம் திகதி அந்தப் பரீட்சை நடைபெற்றது. 2021இலும் பணம் கொடுத்து இரவு பகலாகச் சூம் வகுப்புகள் நடந்தன. நிகழ்நிலை வகுப்புக்காகத் தொலைபேசி வாங்கித் தருவதற்குச் சில ஊர்களில் நல்லுள்ளங்கள் முன்வந்தன. அதுவும் பெரும்பாலும் தரம் 5 பிள்ளைகளுக்கே போனது. நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் தரம் 5இல் சித்தி பெறப் போகும் பிள்ளை தரம் 1, 2இல்தான் உருவாகிறது. 2021இல் எழுத்துத் தெரியாமல் வீட்டில் இருந்த பிள்ளைகள் 2024, 2025இல் அந்தப் பரீட்சைக்கு அமர வேண்டியவர்கள். பெறுபேறு விழுந்தால் ஆசிரியரையும் அதிபரையும் குறை சொல்வோம்.

திறக்கப்படும் நாளுக்காக

மூடப்படும் பாடசாலைகள் என்றோ ஒருநாள் திறக்கப்படும், இன்ஷா அல்லாஹ். அன்று பாடத்திட்டத்தை ஓடி முடிக்கும் அவசரம் எங்களைப் பிடித்துக்கொள்ளும். மேற்பார்வைக்கு வருபவர் எத்தனையாம் அலகு என்று கேட்பார். ஆரம்பப் பிரிவுக்கு அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று தனியாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிள்ளை மேல் வகுப்புக்குப் போகுமுன் கட்டாயம் அடைய வேண்டியவை அவை. முதல் மாதத்தை அவற்றுக்கே ஒதுக்க வலயக் கல்வி அலுவலகங்கள் அதிபர்களுக்குத் தைரியம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கக் கேட்டு, வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினமும் அரை மணித்தியாலம் கொடுத்தால் ஒரு தவணைக்குள் பெரும்பாலானவர்களை மீட்டுவிடலாம் என்பது ஜனவரியில் நான் கண்ட அனுபவம்.

ஊர் செய்யக்கூடியதும் உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பள்ளிவாசல் நிருவாகமும் சேர்ந்து, தொலைபேசி இல்லாத பிள்ளைகளின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பெறலாம். உலருணவுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க எமது பள்ளிவாசல்களுக்குத் தெரியும். இந்தப் பெருந்தொற்றில் அதைச் சிறப்பாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தப் பொதிக்குள் பத்துத் தாள்களையும் ஒரு பென்சிலையும் ஒரு கதைப் புத்தகத்தையும் வைப்பதற்கு மேலதிகமாக யாரும் நடக்க வேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஒருவர் தனது வீட்டிலோ உறவிலோ உள்ள ஒரு சிறு பிள்ளை வாசிப்பதைத் தினமும் பத்து நிமிடம் கேட்டால் போதும்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வீடுகளிலும் பிள்ளைகள் உண்டு, எங்கள் டேட்டாவுக்கும் நாங்களே பணம் கட்டுகிறோம், எவரும் அதைத் திருப்பித் தருவதில்லை. இவை எல்லாம் உண்மை. இருந்தாலும் குழுவில் இல்லாத அந்த எட்டு இலக்கங்கள் யாருடையவை என்று எங்களுக்குத்தான் தெரியும். அதிபருக்கோ பணிப்பாளருக்கோ போகும் அறிக்கையில் அவை "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று ஒரு வரியாகப் போய்விடும்.

செயலட்டை அனுப்பிய அந்தப் பிள்ளை 2021இல் தரம் 2இல் இருந்தது. ஒரு நாள் அழைத்தபோது பாடநூலில் ஒரு பக்கத்தை வாசித்தது. வேகம் போதாது. "கிணறு" என்பதைக் "கினறு" என்று வாசித்தது. நிறுத்தித் திருத்தினேன், திரும்ப வாசித்தது. முடிவில், "டீச்சர், இது நான்தான். தாத்தா குசினிக்குள்ள இரிக்கா" என்றது.